வார்ப்பு எஃகைப் பதப்படுத்தும்போது தெர்மோகப்பிளை எங்கே கட்டுவது, தண்ணீர் எவ்வளவு வேண்டும்

அச்சை உடைத்து எடுத்த எஃகு வார்ப்பு மெதுவாக ஆறியிருப்பதால் அதன் மணிகள் (எஃகுக்குள் இருக்கும் நுண்படிகங்கள்) பெருத்திருக்கும். ரசாயனக் கலவை சரியாக இருந்தாலும் அப்படியே சோதித்தால், திடீர் அடியை எவ்வளவு தாங்கும் என்று பார்க்கும் தாக்கச் சோதனையில் சறுக்கும். சிங்கப்பூரின் துவாஸ், ஜூரோங் பட்டறைகளில் வால்வு பாடி, பம்பு கேசிங் பதப்படுத்துபவர்களுக்காக, கடுங்குளிரில் வேலை செய்யும் வார்ப்புகளுக்கான ஏஎஸ்டிஎம் ஏ352 தரநிலையின் எல்சிசி ரகத்தை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். இது தாக்கச் சோதனையில் மைனஸ் 46 டிகிரியில் சராசரி 20 ஜூல் தாங்க வேண்டும்.

முதலில் ஷாட் பிளாஸ்ட் செய்து (சிறு எஃகுக் குண்டுகளை வேகமாக வீசித் துடைத்து), உள்ளே ஒட்டியிருக்கும் கோர் மணலை (உட்குழிக்கு வடிவம் தந்த மணலை) முழுதாக எடுங்கள். மணல் ஒட்டிய இடத்தில் தண்ணீர் எஃகைத் தொடாது; அந்த இடம் மெதுவாகவே ஆறும். வார்ப்புகளை உலைத் தரையில் நேராக வைக்காமல் முட்டுக்கொடுத்துத் தூக்கி, இடைவெளி விட்டு அடுக்குங்கள். சோதனைக் கட்டையும் அதே லோடில், வார்ப்புகளுக்கு நடுவே போகட்டும்.

பலரும் தவறுவது நேரக் கணக்கில்தான். உலையின் டிஸ்பிளே காட்டுவது உலைக்குள் இருக்கும் காற்றின் சூடு. கே வகை தெர்மோகப்பிள் (சூட்டை அளக்கும் கம்பி உணரி) ஒன்றை மிகத் தடிமனான வார்ப்பின் மேலேயே இறுகக் கட்டுங்கள். 600 டிகிரி வரை மணிக்கு 100 டிகிரி வேகத்தில் ஏற்றுங்கள். வடிவம் சிக்கலானால் அவசரம் விரிசலில் முடியும். பிறகு 910 டிகிரிக்குக் கொண்டுபோங்கள். கட்டிய தெர்மோகப்பிள் அந்த அளவைத் தொட்ட நிமிடத்திலிருந்துதான் கணக்கு: 25 மில்லிமீட்டர் தடிமனுக்கு ஒரு மணி நேரம். 75 மில்லிமீட்டர் ஃபிளாஞ்ச் (இணைப்பு விளிம்பு) என்றால் மூன்று மணி.

அடுத்தது, சூடான வார்ப்பை முக்கி வேகமாக ஆற்றும் தண்ணீர். குளிர்நாடுகளில் தொட்டி 15 டிகிரியில் இருக்கலாம்; நம் ஊரில் தொடக்கமே 30 டிகிரிக்குப் பக்கம். தண்ணீர் 40 டிகிரியைத் தாண்டினால் நீராவிப் படலம் வார்ப்பை விடாமல் போர்த்திக்கொள்ளும். நமக்குக் கிடைப்பது 10 டிகிரி இடம் மட்டுமே. 900 டிகிரி எஃகு கிலோவுக்குச் சுமார் 600 கிலோஜூல் வெப்பத்தைக் கொட்டும். அதாவது ஒரு கிலோ வார்ப்புக்கு ஏறக்குறைய 15 லிட்டர் தண்ணீர். 500 கிலோ லோடுக்கு 7,500 லிட்டர். தொட்டி சிறிதென்றால் லோடைக் குறையுங்கள், அல்லது குளிரூட்டும் சுற்று பொருத்துங்கள். ஐஸ் கொட்டுவதை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். தொட்டியில் ஒரு பக்கம் குளிர்ந்து மறுபக்கம் சூடாகவே நிற்கும்.

உலைக் கதவு திறந்ததிலிருந்து ஒரு நிமிடத்துக்குள் வார்ப்பு தண்ணீரில் மூழ்கட்டும். வால்வு பாடியின் துளை மேல்நோக்கி நிற்க வேண்டும். குழி கீழ்நோக்கி இருந்தால் ஆவி அதற்குள் சிக்கிவிடும். வெளியே கடினம் சரியாக இருக்கும், உட்சுவர் மட்டும் மென்மையாக நிற்கும். தண்ணீரைக் கலக்கிக்கொண்டே இருங்கள்.

கையைக் கிட்டே கொண்டுபோனால் வெதுவெதுப்பு தெரியும் நிலையில் எடுத்து, உடனே டெம்பரிங் (நொறுங்கும் தன்மை குறைய மிதமாக மறுபடி சூடாக்குவது) உலைக்கு மாற்றுங்கள். மறுநாள் காலை பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் இரவிலேயே விரிசல் விடக்கூடும். டெம்பரிங் 590 டிகிரிக்குக் குறையக் கூடாது. 620 முதல் 650 வரை நல்ல வீச்சு. இங்கேயும் 25 மில்லிமீட்டருக்கு ஒரு மணி.

பிரினெல் கடின எண் எடுக்குமுன் மேல்தோலை ஒரு மில்லிமீட்டராவது தேய்த்து எடுங்கள். உலையில் கார்பன் இழந்த தோல் பொய்யாகக் குறைந்த எண்ணைக் காட்டும். கடினம் அதிகமானால் மீண்டும் டெம்பர் செய்தால் போதும். தாக்கச் சோதனையில் தோற்றால் 910 டிகிரியிலிருந்து முழுச் சுற்றையும் திரும்பச் செய்ய வேண்டும். வெல்டிங்கில் சரிசெய்த பிறகு தரும் அழுத்தத் தணிப்புச் சூடு, டெம்பரிங் சூட்டைவிட 20 டிகிரியாவது கீழே இருக்கட்டும். மீறினால் வார்ப்பின் வலிமை இறங்கிவிடும்.