பால்டர்ஸ் கேட் 3: புதிதாக ஆடுபவர்கள் முதல் சில மணி நேரத்தை எப்படி ஆடுவது?

2023 ஆகஸ்ட் 3 அன்று கம்ப்யூட்டருக்கு வெளியானதிலிருந்து, மதுரையில் கேம் ஆடும் நண்பர்கள் வட்டத்தில் இதே பேச்சுதான். பெல்ஜியத்தின் லேரியன் ஸ்டூடியோஸ் உருவாக்கியது. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் மேசை விளையாட்டின் ஐந்தாம் பதிப்பு விதிகள்தான் இதற்கு அடிப்படை. அந்த விதிகள் தெரியவில்லையே என்று யாரும் மிரள வேண்டாம். எனக்குப் பட்டது இதுதான்: எடுத்த காரியத்தில் தோற்றாலும் கதை நிற்காமல் வேறு பக்கம் போகிறது. அந்த ருசி தெரிகிற மாதிரி ஆரம்பித்தால் கேம் பிடித்துவிடும்.

முதலில் கம்ப்யூட்டர்

150 ஜிபி இடம் வேண்டும், அதுவும் எஸ்எஸ்டி என்ற வேகமான சேமிப்பகத்தில். குறைந்தது 8 ஜிபி ரேமும் ஜிடிஎக்ஸ் 970 தரத்தில் ஒரு கிராபிக்ஸ் கார்டும் கேட்கிறார்கள். 16 ஜிபியும் ஆர்டிஎக்ஸ் 2060 சூப்பரும் இருந்தால் நல்லது. டேட்டா வரம்புள்ள பிராட்பேண்ட் என்றால் புது பில் மாதம் தொடங்கியதும் இறக்குங்கள். பராமரிப்புக்காகப் பகலில் கரண்ட் போனாலும், கேம் விற்கும் ஸ்டீம் ஆப் இறக்குவதை விட்ட இடத்திலிருந்து தொடரும். நம்ம ஊர் வெக்கையில் லேப்டாப் கொதித்தால், செட்டிங்ஸில் ஃபிரேம் ரேட்டுக்கு (நொடிக்கு எத்தனை படம் என்பதற்கு) ஒரு வரம்பு வைத்துவிடுங்கள்.

கம்ப்யூட்டர் வீட்டு ஹாலில் இருக்கிறதா? இது பெரியவர்களுக்கான கேம். நிர்வாணத்தை மறைக்கும் வசதி ஆப்ஷன்ஸில் இருக்கிறது. தொடங்கும் முன்பே அதைப் போட்டுவிடுங்கள்.

அப்புறம் கேரக்டர்

12 கிளாஸ் (போர்வீரன், மந்திரவாதி மாதிரி உங்கள் கேரக்டரின் தொழில்), 11 இனம். திருநகரில் இருக்கும் தம்பி ஒருவன் போனில் கேட்டான்: "அண்ணே, எந்த கிளாஸ் எடுத்தா ஈஸியா ஜெயிக்கலாம்?" "ஃபைட்டர் எடுடா, படிக்க வேண்டியது கம்மி" என்றேன். மந்திரவாதியான விசார்டுக்கு முதல் நிலையிலேயே மந்திரப் பட்டியல் நீளமாக இருக்கும். பிடித்தால் அதையும் எடுக்கலாம், பிறகு கிளாஸை மாற்ற வழி இருக்கிறது. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: ஸ்டீமில் பணம் திரும்பக் கேட்க, வாங்கி 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருக்க வேண்டும். முகம் செதுக்கும் நேரமும் அதில் சேரும்.

பகடை

தாயத்தில் ஒன்று விழுந்தால்தான் காய் இறங்கும். இங்கே அப்படியே தலைகீழ். பேச்சிலோ பூட்டைத் திறப்பதிலோ 20 முகப் பகடை உருளும். 1 விழுந்தால் எவ்வளவு போனஸ் இருந்தாலும் தோல்வி, 20 விழுந்தால் வெற்றி. மற்றபடி விழுந்த எண்ணோடு உங்கள் போனஸைக் கூட்டி, திரையில் காட்டும் எண்ணை எட்ட வேண்டும்.

தோற்றவுடன் எஃப்8 அமுக்கிப் பழைய ஸேவுக்கு ஓடாதீர்கள். கதைத் தொடக்கத்தில் நீங்கள் இருக்கும் பறக்கும் கப்பல் விழும் கடற்கரைக்குப் பக்கத்தில் சிதைந்த கோயில் ஒன்று வரும். வெளியே கொள்ளைக்காரர்கள் நிற்பார்கள். மிரட்டியோ சமாதானம் பேசியோ அனுப்பப் பார்க்கலாம். பகடை கைவிட்டால் சண்டைதான். ஆனால் கேமராவைச் சுழற்றிப் பாருங்கள்: அவர்கள் நிற்கும் பக்கமே ஒரு பெரிய கல் கயிற்றில் உயரத்தில் தொங்குகிறது. அம்பு விட்டு அந்தக் கயிற்றை அறுத்துவிட்டால் கல் தரையைப் பொத்துக்கொண்டு விழும். அடியில் இருப்பவன் நசுங்குவான், கீழே இறங்கவும் வழி கிடைக்கும். பேச்சில் ஜெயித்துப் போயிருந்தால் நான் அண்ணாந்தே பார்த்திருக்க மாட்டேன். இந்த இடத்தில்தான் கேம் என்னை வளைத்துப் போட்டது.

கிளாஸை மாற்றலாம் என்றேனே, அதைச் செய்து தரும் விதர்ஸ் என்ற பாத்திரம் இருப்பது இந்தக் கோயிலின் கீழறையில்தான். 100 பொற்காசு வாங்கிக்கொள்வார்.

சண்டை

முறைவைத்து நடக்கும், அவசரமே இல்லை. மேட்டில் நின்று அம்பு விட்டால் தாக்கும் பகடையில் +2, பள்ளத்திலிருந்து மேலே விட்டால் -2. ஓரத்தில் நிற்கிற எதிரியைத் தள்ளிவிடுவது பல நேரம் வாளை விட லாபம். தொடக்கக் கப்பலின் கடைசி அறையில் எல்லோரையும் கொல்ல நினைக்காதீர்கள். எதிர்முனைக்கு ஓடினால் போதும்.

தூங்குங்கள்

புதியவர்கள் அதிகம் கோட்டைவிடுவது இதில். மூளைக்குள் புழு இருக்கிறது, சீக்கிரம் அரக்கனாகிவிடுவீர்கள் என்று கதை விரட்டும். அதை நம்பி முகாமுக்கே போகாமல் ஓடுகிறார்கள். பெரும்பாலான இடங்களில் கேம் உங்கள் நாட்களை எண்ணுவதில்லை. கூட்டாளிகள் மனம் திறந்து பேசும் பல காட்சிகள் முகாமில் இரவு தங்கினால்தான் வரும். நடுத்தரக் கடின நிலையில் ஒரு முழு இரவுக்கு 40 உணவுப் புள்ளிகள் வேண்டும். ஆகவே வழியில் ஆல்ட் அமுக்கி, தரையில் கிடக்கும் ஆப்பிளையும் ரொட்டியையும் பொறுக்கிக்கொண்டே போங்கள். நடுவில் இரண்டு முறை சிறு ஓய்வும் எடுக்கலாம். ஆனால் கண்ணெதிரே ஒரு வீடு பற்றியெரிகிறது, உள்ளே ஆள் கத்துகிறார் என்றால் அதை முடித்துவிட்டே படுக்கப் போங்கள். அந்த மாதிரி இடங்களில் கேம் உங்களுக்காகக் காத்திருக்காது.