மாமியாரோட நான்சி வார்ட் கதைய சரிபார்த்த என் அனுபவம்

என் வீட்டுக்காரர் ஓக்லஹோமாக்காரர், அவங்க குடும்பத்துல எல்லாரும் நாங்க நான்சி வார்ட் வம்சம்னுதான் சொல்லுவாங்க. நான்சி அமெரிக்காவோட செரோக்கி பழங்குடி, அவங்க மொழியில பேரு நன்யேஹி, 1755ல தாலிவா சண்டையில புருஷன் செத்ததும் துப்பாக்கிய எடுத்துட்டு நின்னவங்க, அதுக்கப்புறம்தான் கிகாவுங்கற பெரிய பட்டம், சபையில பேசுற உரிமை எல்லாம். யாருக்குத்தான் அப்படி ஒரு பாட்டி வேணாம்!

மாமியார் வெச்சிருந்த வம்சாவளி ஆன்லைன்ல யாரோ போட்டத அப்படியே காப்பி அடிச்சது. பதிவுல இருக்கற நான்சியோட பிள்ளைங்க கேத்தரின், ஃபைவ்கில்லர், எலிசபெத் மூணு பேருதான், இதுல நாலாவதா ஒரு பொண்ணு, பொறந்தது 1795னு போட்டிருக்கு, நான்சி பொறந்தது 1738 வாக்குல, கணக்கு போட்டு பாருங்க.

நானும் மொதல்ல நான்சிலருந்து கீழ தேடித்தான் ரெண்டு மாசம் வீணாக்கினேன். அப்புறம் மாமியார்லருந்து ஒவ்வொரு தலைமுறையா மேல போனேன். டாஸ் ரோல்ல, அதாவது 1900 வாக்குல அமெரிக்க அரசாங்கம் எடுத்த பழங்குடி பட்டியல்ல, கொள்ளுப்பாட்டி பேரு இருந்துச்சு. ஆனா நிஜமா கைகொடுத்தது கயன் மில்லர் விண்ணப்பம், செரோக்கிக்காரங்க நஷ்டஈட்டுப் பணத்துக்காக போட்டது, 1906லருந்து வாங்கினது, அதுல தாத்தா பாட்டி, அப்பா அம்மாவோட கூடப்பொறந்தவங்க வரைக்கும் எழுதணும், அத வெச்சு 1851ல எடுத்த டிரென்னன் ரோலுங்கற செரோக்கி பட்டியலுக்கே போயிட்டேன். டிஎன்ஏ டெஸ்டுக்கு காசு போடாதீங்க, எந்த பழங்குடின்னு அது சொல்லாது.

வந்தது வேற செரோக்கி குடும்பம். செரோக்கி நேஷன்ங்கற பழங்குடி அரசோட குடியுரிமைக்கு டாஸ் ரோல் முன்னோர் போதும், நான்சி வேணாம்னு சொன்னேன், மாமியார் ரெண்டு நாள் என்கூட பேசல.