செய்தியில் எது தகவல், எது கருத்து?

செய்தி படிக்கும்போது முதலில் வினைச்சொல்லைப் பாருங்கள். ‘கூறினார்’ என்றால் சரி, ‘மழுப்பினார்’, ‘கொக்கரித்தார்’ என்று வந்தால் எழுதியவரின் கருத்து உள்ளே நுழைந்துவிட்டது. 2018 பிப்ரவரியில் காவிரி வழக்கில் உச்ச நீதிமன்றம் தமிழகத்துக்குக் கர்நாடகம் திறந்துவிட வேண்டிய நீரை 192 டிஎம்சியிலிருந்து (ஒரு டிஎம்சி என்பது நூறு கோடி கன அடி) 177.25 டிஎம்சியாகக் குறைத்தது. இது தகவல், தீர்ப்பை எடுத்துச் சரிபார்க்கலாம். அதையே ஒருவர் ‘14.75 டிஎம்சி பறிபோனது’ என்றும் இன்னொருவர் ‘கர்நாடகத்துக்கு நியாயம் கிடைத்தது’ என்றும் எழுதினால் இரண்டுமே சாய்வுதான். நமக்குப் பிடித்த பக்கம் சாய்ந்திருந்தால் கண்ணில் படவே படாது, அங்கேதான் கூடுதல் கவனம் வேண்டும். அப்புறம், விட்டுப்போனதையும் தேடுங்கள்: தமிழகத்தின் நிலத்தடி நீரில் 10 டிஎம்சியைக் கணக்கில் எடுத்தது, பெங்களூரு குடிநீருக்காக 4.75 டிஎம்சி ஒதுக்கியது, இந்தக் காரணங்கள் அந்தச் செய்தியில் இருக்கின்றனவா?