முனையத்தில் தமிழ் சிதைந்து தெரியும்போது செய்யக்கூடாதவை

கட்டளை முனையத்தில் தமிழ்க் கோப்பொன்றைத் திறந்ததும் எழுத்துகளுக்குப் பதிலாக வேறெதுவோ தெரிந்தால், பலரும் முதலில் எழுத்துருவை மாற்றுகிறார்கள். அது பயன் தராதபோது கோப்பை வேறொரு குறிமுறையில் (எழுத்துகளை எண்களாகப் பதியும் முறையில்) சேமித்துப் பார்க்கிறார்கள். முதலாவதால் நேரம் வீணாகும். இரண்டாவதால் கோப்பே அழிந்துவிடலாம். திருகோணமலையில் ஒரு சங்கத்தின் உறுப்பினர் பட்டியல் இப்படித்தான் வரிவரியாகக் கேள்விக்குறிகளானதைக் கண்டேன். எழுத்து இருந்த இடத்தில் கேள்விக்குறி சேமிக்கப்பட்டுவிட்டால் அதை மீட்கும் வழி எதுவும் இல்லை. ஆகவே எதையும் தொடுமுன் மூலக்கோப்பைப் படியெடுத்து வையுங்கள்.

‘திருகோணமலை’ என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். கண்ணுக்கு ஆறு எழுத்துகள். யுனிகோட்டில் 10 குறியீடுகள். ஒவ்வொரு தமிழ்க் குறியீடும், யுனிகோட்டைக் கோப்பில் பதியும் யூடிஎஃப்-8 முறையில் மூன்று பைட்டுகளைப் பிடிப்பதால், கோப்பில் 30 பைட்டுகள். இதை இலத்தீன் எழுத்துகளுக்கான பழைய குறிமுறையான விண்டோஸ் 1252 எனத் தவறாக வாசிக்கும் மென்பொருள், மேலே சாய்கோடிட்ட சிறிய ‘ஏ’ என்ற இலத்தீன் எழுத்தையும் அதை அடுத்து வட்டத்துக்குள் ‘ஆர்’ குறியையும் மீண்டும் மீண்டும் காட்டும். அச்சமூட்டும் தோற்றம்தான், ஆனால் உள்ளே தமிழ் பழுதின்றி இருக்கிறது. வாசிக்கும் முறையை மாற்றினால் போதும். அந்தக் குப்பையை நகலெடுத்துச் சேமிப்பதே பெருந்தவறு. உகரக் குறியின் கடைசி பைட்டுக்கும் புள்ளியின் கடைசி பைட்டுக்கும் 1252 அட்டவணையில் எழுத்தே இல்லாததால், சில மென்பொருள்கள் அவற்றைக் கைவிட்டுவிடும். பிறகு ‘ரு’ முழுமையாக மீளாது.

இலங்கையில் இதைவிட அதிகம் குழப்புவது, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களைக் காட்டும் பாமினி என்ற பழைய எழுத்துரு. அதில் தட்டச்சிட்ட ‘திருகோணமலை’, எழுத்துரு இல்லாத முனையத்தில் ஜே, பி, யூ, என், எஃப், எச், இசட், கே, ஐ, வை என்ற பத்து ஆங்கில எழுத்துகளாகவே தோன்றும். புள்ளிக்கு அரைப்புள்ளி விசை பயன்படுவதால், சொற்களின் நடுவே அரைப்புள்ளிகள் நிறைந்திருந்தால் பாமினி என்று ஊகிக்கலாம். குறிமுறையைக் கண்டறியும் கட்டளை இதை ஆங்கில எழுத்துகளுக்கான சாதாரண ஆஸ்கி குறிமுறை என்றே சொல்லும். குறிமுறையை மாற்றும் ஐகான்வ் கட்டளையாலும் பயனில்லை, ஏனெனில் கணினியைப் பொறுத்தவரை அது ஆங்கிலமே. பாமினியிலிருந்து யுனிகோட்டுக்கு மாற்றும் தனி மாற்றி தேவை. ஆங்கிலமும் கலந்த கோப்பை முழுவதாக மாற்றியில் இடுவதும் தவறு: மின்னஞ்சல் முகவரிகளும் பொருளற்ற தமிழாகிவிடும்.

தொலைவிலுள்ள வழங்கியில் கோப்புப் பெயர்கள் மட்டும் 340, 256 போன்ற எண்களாகத் தெரிந்தால் அவை கெட்டுப்போனவை என்று எண்ணிப் பெயர்மாற்றாதீர்கள். வழங்கியின் லொகேல் (மொழி, குறிமுறை) அமைப்பு யூடிஎஃப்-8 ஆக இருக்கிறதா என்றும், வழங்கியுடன் இணைக்கும் புட்டி போன்ற செயலியில் அதே குறிமுறை தெரிவாகியுள்ளதா என்றும் பாருங்கள். விண்டோஸ் கட்டளைச் சாளரத்தில் குறிமுறைப் பக்கம் யூடிஎஃப்-8க்கான 65001 ஆக வேண்டும்.

லினக்ஸின் வெறும் உரைத்திரைக்குத் தமிழ் எழுத்துரு தேடி நாளைக் கழிப்பவர்களும் உண்டு. அத்திரை அதிகபட்சம் 512 வடிவங்களையே ஏற்கும். கொம்பை மெய்க்கு முன்னே நகர்த்தவும் அதற்குத் தெரியாது. வரைகலைச் சூழலில் இயங்கும் முனையத்துக்கு மாறுவதே சரி.

எல்லாம் சரியாகத் தெரிந்தும் தேடலில் ஊர்ப்பெயர் அகப்படாமல் போகலாம். ‘கோ’வின் குறியை ஒருவர் ஒற்றைக் குறியீடாகவும் மற்றொருவர் கொம்பு, கால் என இரண்டாகவும் உள்ளிட்டிருப்பார்கள், கண்ணுக்கு வேறுபாடு இல்லை, ஆனால் இரண்டாவது 33 பைட்டுகள். அங்கே எழுத்துருவையும் லொகேலையும் விட்டுவிட்டு, கோப்பு முழுவதையும், இத்தகைய இரட்டைக் குறிகளை ஒற்றைக் குறியீடாக இணைக்கும் என்எஃப்சி என்ற யுனிகோட் வடிவத்துக்குக் கொண்டுவந்த பின் தேடுங்கள்.