நாசிக் ஒயின் டேஸ்டிங்: நண்பரோடு ஒரு வார இறுதிக்குத் திட்டமிடுவது எப்படி?

மும்பை, புனே பக்கம் இருக்கிறீர்கள், இதுவரை ஒயின் டேஸ்டிங் (ஒயின் தயாரிக்கும் இடத்துக்கே போய்ப் பல ஒயின்களைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுவைத்துப் பார்ப்பது) போனதில்லை, கூட வர ஒரு நண்பர் தயார் என்றால் இது உங்களுக்குத்தான். மும்பையிலிருந்து நாசிக் சுமார் 170 கி.மீ., புனேயிலிருந்து 210 கி.மீ. சென்னையிலிருந்து வருபவர்கள் வெள்ளி இரவே மும்பைக்கு விமானம் ஏறிவிடுங்கள். ரயிலை நம்பினால் வார இறுதி ரயிலிலேயே போய்விடும்.

படி 1: மாதம்

ஜனவரி முதல் மார்ச் வரை அறுவடைக் காலம். கொடியில் குலை தொங்குவதையும் தொட்டிக்குள் திராட்சை மிதிப்பதையும் பார்க்க வேண்டுமென்றால் அப்போதுதான் போக வேண்டும். நம் கம்பம் பள்ளத்தாக்கில் பன்னீர் திராட்சை வருஷம் முழுக்கக் கிடைப்பதைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது புதிதாக இருக்கும். நாசிக் ஒயின் தோட்டங்களில் ஏப்ரல் வாக்கில் ஒரு கவாத்து (கொடியை வெட்டிவிடுவது), செப்டம்பர்–அக்டோபரில் இன்னொரு கவாத்து செய்வார்கள். ஆனால் வருஷத்துக்கு ஒரே மகசூல்தான்.

அறுவடைக் காலத்தில் கூட்டமும் அதிகம், அறை வாடகையும் அதிகம். அமைதியாகச் சுவைத்துப் பார்த்தால் போதும் என்பவர்களுக்கு ஜூலை, ஆகஸ்டையே சொல்வேன். குலை இருக்காது, ஆனால் மலையெல்லாம் பச்சையாக இருக்கும், பரிமாறுபவருக்கும் நின்று பேச நேரம் இருக்கும்.

தேதியை உறுதி செய்யும் முன் மதுவிலக்கு நாட்களைப் பாருங்கள். ஜனவரி 26, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 எல்லோருக்கும் தெரியும். பண்டிகை நாட்களும் தேர்தலும்தான் காலை வாரும்.

படி 2: வண்டி (இதைத் தள்ளிப்போடாதீர்கள்)

ஒரு டேஸ்டிங்கில் ஐந்து அல்லது ஆறு ஒயின், ஒவ்வொன்றும் 30 மில்லி என்று வையுங்கள்: 150 முதல் 180 மில்லி. இரண்டு ஒயினரி (ஒயின் தயாரிக்கும் இடம்) போனால் 300-ஐ எட்டிவிடும். மதிய சாப்பாட்டோடு ஒரு கிளாஸ் என்றால் கணக்கு இன்னும் ஏறும். 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் ஆல்கஹாலைத் தாண்டி வண்டி ஓட்டினால் மோட்டார் வாகனச் சட்டம் 185-ஆவது பிரிவு பாயும். முதல் தடவைக்கே 10,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். "நான் நிதானமாத்தாண்டா இருக்கேன்" என்பதெல்லாம் ஊதும் கருவிக்குத் தெரியாது.

அதனால் டிரைவரோடு ஒரு நாள் வாடகை வண்டி பேசிவிடுங்கள். செலவு இரண்டாகப் பிரியும். ஆப் டாக்சியில் ஊருக்கு வெளியே போய்விடலாம், சாயங்காலம் திரும்பும்போதுதான் திண்டாட்டம். உங்கள் நண்பர் குடிக்காதவர், அவரே ஓட்டுகிறேன் என்கிறார் என்றால் கொடுப்பினைதான். அவருடைய சாப்பாட்டுச் செலவை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள்.

படி 3: இடம்

ஒரு நாளைக்கு இரண்டு ஒயினரிக்கு மேல் வேண்டாம். மூன்றாவதில் நாக்கு மரத்துப்போய் எல்லாம் ஒரே ருசியாகத்தான் இருக்கும்.

சனிக்கிழமைக்கு கங்காபூர் அணைப் பக்கம் சரி. நாசிக் ஒயினைப் பிரபலமாக்கிய சூலா அங்கேதான் இருக்கிறது. ராஜீவ் சாமந்த் தொடங்கிய நிறுவனம், முதல் ஒயின் வந்தது 2000-இல். பெரிய இடம், திருவிழாக் கூட்டம், ஆனால் முதல் முறை போகிறவர்களுக்கு ஒயின் தயாராகும் விதத்தைச் சுற்றிக்காட்டுவது இங்கே ஒழுங்காக நடக்கும். காலை முதல் டூரையே பிடியுங்கள். பக்கத்திலேயே யார்க் ஒயினரி. 2021-இல் சூலா அதை வாங்கிவிட்டது, என்றாலும் இடம் சிறியது. மாலையில் அணைத் தண்ணீரைப் பார்த்தபடி உட்கார அதுதான் தோது.

ஞாயிற்றுக்கிழமைக்கு இகத்புரி தாலுகாவில் வலோனே அல்லது குரோவர் ஜம்பா. இரண்டும் சஞ்சேகாவ் பக்கம், மும்பை திரும்பும் வழி. ஒன்றே போதும்.

எல்லாவற்றுக்கும் முன்பதிவு செய்யுங்கள். நுழைவுக் கட்டணம் தனியா, டேஸ்டிங் கட்டணம் தனியா என்று கேட்டுக்கொள்ளுங்கள். வயதைக் காட்ட அடையாள அட்டை கையில் இருக்கட்டும்.

படி 4: வயிறு

வெறும் வயிற்றோடு போகக் கூடாது. அதே சமயம் நாசிக்கின் புகழ்பெற்ற மிசலை (முளைகட்டிய பயறுக் குழம்பு) சனிக்கிழமை காலையில் தொடாதீர்கள். அந்தக் காரக் குழம்பு நாக்கில் ஏறிவிட்டால் மதியம் வரை எந்த ஒயினும் பிடிபடாது. போஹா (அவல் உப்புமா), முட்டை, பிரெட் போதும். மிசலை ஞாயிறு மதியத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

சென்ட், அத்தரும் வேண்டாம். மல்லிகைப்பூவுக்கும் அன்று விடுமுறை. பக்கத்து மேசைக்காரரின் மூக்கும் வேலை செய்ய வேண்டுமே.

படி 5: மேசையில்

கிளாஸைத் தண்டில் பிடியுங்கள், கிண்ணத்தைப் பிடித்தால் கைச்சூடு ஏறும். வெள்ளைத் தாளின் மேல் சாய்த்து நிறம் பாருங்கள். சுழற்றாமல் ஒரு முறை முகருங்கள், சுழற்றிவிட்டு இன்னொரு முறை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் முதல் பாடம். நாசிக்கின் சாவின்யோன் பிளாங்க் என்ற வெள்ளை ஒயினில் பச்சைக் குடைமிளகாய், கொய்யா வாசம் தேடுங்கள். ஷிராஸ் என்ற சிவப்பு ஒயினில் மிளகு. பிறகு ஒரு வாய் எடுத்து, உடனே விழுங்காமல் நாக்கு முழுக்கப் பரப்புங்கள். சிவப்பு ஒயினில் நாவல்பழம் தின்றதுபோல் ஈறு வறண்டு துவர்க்கும். கெட்டுப்போனது என்று நினைக்க வேண்டாம், தோலும் விதையும் தரும் டானின் அது.

வெள்ளை, ரோஸே (இளஞ்சிவப்பு), சிவப்பு, கடைசியில் இனிப்பு என்று போகும் வரிசையை மாற்றாதீர்கள். நடுவில் தண்ணீர், உப்பில்லாத பிஸ்கட். மேசையில் துப்புவதற்கென்றே ஒரு பாத்திரம் இருக்கும். அதில் துப்புவது மரியாதைக் குறைவு இல்லை, தொழில்முறை ஆட்கள் எல்லோரும் துப்பித்தான் சுவைப்பார்கள்.

இருவராகப் போவதன் லாபம் இங்கேதான். பட்டியலில் வேறு வேறு ஒயின் தொகுப்புகள் இருந்தால் ஆளுக்கொன்று சொல்லி கிளாஸை மாற்றிக்கொள்ளுங்கள். ஒருவர் வாய் திறக்கும் முன் இருவரும் போனில் இரண்டு சொல் குறித்துவிடுங்கள். இல்லையென்றால் "எனக்கும் கொய்யாதான் வருது" என்று ஆமாம் போடுவதில் முடியும்.

படி 6: பாட்டிலும் திரும்புதலும்

பிடித்ததில் ஒன்றிரண்டு போதும். மும்பைக் கடையில் கிடைக்காததாகப் பார்த்து வாங்குங்கள். வெயிலில் நிற்கும் காரின் டிக்கியில் வைத்தால் ஒயின் வெந்துவிடும், சட்டைக்குள் சுற்றி இருக்கையின் காலடியில் வையுங்கள். மகாராஷ்டிராவைத் தாண்டிக் கொண்டுபோகிறவர்கள் தங்கள் மாநில மதுவிலக்கு விதியை முதலில் பார்க்க வேண்டும்.

இகத்புரியிலிருந்து மதியம் மூன்று மணிக்குள் கிளம்புங்கள். 2025 ஜூனில் திறந்த சம்ருத்தி சாலையின் (மும்பை–நாக்பூர் விரைவுச்சாலை) கடைசிப் பகுதி கசாரா மலைப்பாதையைத் தவிர்த்து பிவண்டி பக்கத்து ஆமனே வரை வேகமாகக் கொண்டுவிடும். பிவண்டி, தாணே நெரிசலை எந்தச் சாலையும் தவிர்க்காது.