ஃபைல் சிஸ்டம் கோடில் பஃபருக்கு மெமரி வாங்குவது எப்படி?

தரமணி, ஓ.எம்.ஆர். பக்கம் ஸ்டோரேஜ் வேலைக்குப் புதிதாகச் சேருகிறவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது இதுதான்: "அண்ணா, இங்கே கேமலாக் போடவா, விமலாக் போடவா?" இரண்டும் கெர்னலில் மெமரி வாங்கும் ஃபங்ஷன்கள்; நியாயமான கேள்விதான். ஆனால் ஃபங்ஷன் பெயரைக் கடைசியில் முடிவு செய்தால் போதும். மெமரி கேட்கும் அந்த நொடியில் உங்கள் கோட் எந்தப் பூட்டை (லாக்) பிடித்துக்கொண்டு நிற்கிறது என்பதுதான் ஃபைல் சிஸ்டத்தில் பெரிய விஷயம். சி மொழி தெரியும், லினக்ஸில் ஒரு சின்ன கெர்னல் மாட்யூலாவது எழுதியிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொண்டு தொடங்குகிறேன்.

படி 1: எவ்வளவு வேண்டும்?

ஸ்டாக்கை முதலிலேயே மறந்துவிடுங்கள். 64 பிட் எக்ஸ்86 கெர்னலில் ஒரு த்ரெட்டுக்கு மொத்த ஸ்டாக்கே 16 கிலோபைட். உங்களுக்குக் கீழே டிஸ்க் கோரிக்கைகளைக் கையாளும் பிளாக் லேயரும் டிவைஸ் டிரைவரும் அதிலேயேதான் ஓடியாக வேண்டும். அதில் 4 கிலோபைட் அரேயை லோக்கல் வேரியபிளாக வைப்பது ஆபத்து.

ஒரு பக்கம், அதாவது 4 கிலோபைட் வரை என்றால் கேமலாக் போதும். அதற்கு மேலே போகப் போகத்தான் சிக்கல், ஏனென்றால் கேமலாக் தருவது ராமில் நிஜமாகவே ஒட்டி இருக்கும் பக்கங்கள். சாயங்காலம் மாம்பலத்தில் தாம்பரம் வண்டி ஏறும் எட்டுப் பேருக்கு அங்கங்கே இடம் கிடைத்துவிடும்; எட்டுப் பேரும் ஒரே வரிசையில்தான் உட்காருவோம் என்றால் கிடைக்காது. ராமிலும் காலி இடம் நிறைய இருக்கும், சேர்ந்தாற்போல் இருக்காது.

கண்ணால் பார்க்க வேண்டுமானால் ப்ராக் டைரக்டரியில் இருக்கும் படிஇன்ஃபோ (/proc/buddyinfo) ஃபைலைத் திறங்கள். ஒவ்வொரு வரியிலும் முதல் எண், ஒற்றைப் பக்கமாகக் காலியாக இருக்கும் துண்டுகள் எத்தனை என்று சொல்லும். அடுத்தது இரண்டு பக்கத் துண்டுகள், அப்புறம் நான்கு, எட்டு என்று இரட்டித்துக்கொண்டே போகும். பல நாள் நிறுத்தாமல் ஓடிய சர்வரில் வலது ஓரத்து எண்கள் மெலிந்து, சில வரிகளில் பூஜ்ஜியமாகக்கூட இருக்கும். எட்டுப் பக்கத்துக்கு, அதாவது 32 கிலோபைட்டுக்கு மேல் கேட்டால், கெர்னல் கொஞ்சம் முயன்று பார்த்துவிட்டுக் கையை விரித்துவிடும்.

லினக்ஸில் ஃபைலோடு சேர்த்து வைக்கும் கூடுதல் குறிப்பான எக்ஸ்டெண்டட் அட்ரிப்யூட் ஒன்றின் மதிப்பு 64 கிலோபைட் வரை இருக்கலாம். அது 16 பக்கம். இந்த மாதிரி இடத்துக்குத்தான் 2017இல் 4.12 கெர்னலோடு வந்த கேவிமலாக். முதலில் ஒட்டிய பக்கங்களைத் தேடும். இல்லையென்றால் சிதறிய பக்கங்களைச் சேர்த்துத் தொடர்ச்சியான முகவரியாகக் காட்டும் விமலாக்குக்குப் போகும். திருப்பிக் கொடுக்கும்போது கேவிஃப்ரீதான் போட வேண்டும். கேஃப்ரீ போட்டாலும் உங்கள் சோதனைகள் எல்லாம் பாஸ் ஆகும். ராம் துண்டுதுண்டாகிக் கிடக்கும் வேறொருவர் சர்வரில் போய் விழும்.

படி 2: டிஸ்க் தொடுமா?

விமலாக் பஃபர் உங்கள் கோடுக்குத்தான் தொடர்ச்சி. டிஸ்குக்கு அது சிதறிய பக்கங்களே. பிளாக் லேயருக்குக் கொடுக்கும் டிஸ்க் கோரிக்கையான பயோவில் ஒவ்வொரு பக்கத்தையும் தேடிச் சேர்க்க வேண்டியிருக்கும். அதனால் டிஸ்குக்குப் போய்வரும் பஃபரைப் பக்கங்களாகவே வாங்குவது நல்லது. ஃபைலின் டேட்டா என்றால் தனி பஃபரே வேண்டாம், அதைக் கெர்னலே ராமில் வைத்திருக்கும் பேஜ் கேஷ் இருக்கிறது. 512 பைட் செக்டார் அளவுக்குச் சின்ன பஃபர் என்றால் கேமலாக் சரி: 2019இல் வந்த 5.4 முதல், இரண்டின் அடுக்காக இருக்கும் அளவைக் கேட்டால் அந்த அளவால் மீதியின்றி வகுபடும் (அலைன் ஆன) முகவரி உறுதி. அதற்கு முந்தைய கெர்னலில், டீபக் ஆப்ஷன்களை ஆன் செய்தால் அந்த 512 பைட் இரண்டு பக்கங்களுக்கு நடுவில் விழ வாய்ப்பு உண்டு.

படி 3: எந்தப் பூட்டுக்குள் நிற்கிறீர்கள்?

இதை நிதானமாகப் படியுங்கள். ஜிஎஃப்பி கெர்னல் என்ற ஃப்ளாகோடு மெமரி கேட்கிறீர்கள், ராமில் இடமில்லை. கெர்னல் பழைய கேஷ்களைக் காலி செய்யக் கிளம்பும். அதில் ஐநோடு (ஒரு ஃபைலைப் பற்றிய விவரங்கள்) கேஷும் உண்டு. ஒரு ஐநோடை வெளியேற்ற உங்கள் ஃபைல் சிஸ்டத்தையே கூப்பிடும். அந்த ஃபங்ஷன், மாற்றங்களை முதலில் பதிவேட்டில் எழுதும் ஒரு ஜர்னல் டிரான்சாக்‌ஷன் தொடங்கப் பார்க்கும். ஆனால் நீங்கள் ஏற்கெனவே ஒரு டிரான்சாக்‌ஷனைத் திறந்து வைத்துக்கொண்டுதான் மெமரி கேட்டீர்கள். உங்கள் த்ரெட் தனக்காகத் தானே காத்து நிற்கும். டெட்லாக்.

இதைத் தடுக்கத்தான் ஜிஎஃப்பி நோஎஃப்எஸ். 'மெமரி தேடு, ஆனால் ஃபைல் சிஸ்டத்துக்குள் திரும்பி வராதே' என்று அர்த்தம். பயந்துபோய் எல்லா இடத்திலும் அதைப் போடுகிறவர்கள் உண்டு, அது தப்பு. கேஷ்களைக் காலி செய்யும் வழியை நீங்களே அடைக்கிறீர்கள், மெமரி நெருக்கடி கூடத்தான் செய்யும். 4.12 முதல் நல்ல வழி இருக்கிறது: டிரான்சாக்‌ஷன் தொடங்கும் இடத்தில் மெம்அலாக் நோஎஃப்எஸ் சேவ், முடியும் இடத்தில் ரெஸ்டோர். நடுவில் எத்தனை ஃபங்ஷன் தாண்டி யார் மெமரி கேட்டாலும் அந்தக் கட்டுப்பாடு தானாக வரும். ஏன் அங்கே வைத்தீர்கள் என்று ஒரு வரி கமெண்டும் எழுதிவிடுங்கள்.

இதைவிட எனக்குப் பிடித்தது, பூட்டுக்கு முன்னாலேயே வாங்கிவைப்பது. அளவு முன்கூட்டியே தெரிந்தால் பஃபரைக் கையில் வைத்துக்கொண்டு டிரான்சாக்‌ஷனைத் திறங்கள். மெமரி கிடைக்காவிட்டாலும் எதையும் கலைக்காமல் எர்ரரோடு திரும்பிவிடலாம்.

படி 4: ஒரே வகை, பல ஆயிரம்

ஐநோடு மாதிரி ஒரே அளவுள்ளவை என்றால் அந்த அளவுத் துண்டுகளைத் தயாராக வைத்திருக்கும் தனி ஸ்லாப் கேஷ் உருவாக்குங்கள். மாட்யூலை எடுக்கும்போது, கேஷை அழிக்கும் முன், நிலுவையில் இருக்கும் விடுவிப்புகள் முடியும்வரை காத்திருக்கும் ஆர்சியு பேரியரைக் கூப்பிட மறக்காதீர்கள். ஐநோடுகள் தாமதமாகத்தான் விடுவிக்கப்படும்.

படி 5: கிடைக்காதபோது

ஒவ்வொரு முறையும் திரும்பி வந்தது நல் (NULL) பாயின்டரா என்று பாருங்கள்; அப்படியென்றால் மெமரி கிடைக்கவில்லை. டிரான்சாக்‌ஷன் நடுவில், பின்வாங்கவே முடியாத இடத்தில் மட்டும், அதுவும் சின்ன அளவுக்கு மட்டும், கிடைக்கும்வரை விடாமல் முயலச் சொல்லும் நோஃபெயில் ஃப்ளாக் போடுங்கள்.

இப்போது கெர்னலில் லாக்டெப், ஃபெயில்ஸ்லாப் இரண்டையும் ஆன் செய்து, மெமரி குறைவாகக் கொடுத்த விர்ச்சுவல் மெஷினில், ஃபைல் சிஸ்டம் சோதனைத் தொகுப்பான எக்ஸ்எஃப்எஸ்டெஸ்ட்ஸ் ஓட்டுங்கள். லாக்டெப், படி 3இல் சொன்ன சுழலை நிஜமாக மாட்டிக்கொள்வதற்கு முன்பே எச்சரிக்கும். ஃபெயில்ஸ்லாப் வேண்டுமென்றே மெமரியை மறுக்கும். அந்த எர்ரர் பாதையில் பூட்டு விடப்பட்டதா, வாங்கிய பஃபர் திரும்பிப் போனதா என்று பாருங்கள். கேமெம்லீக்கும் ஆனில் இருந்தால், விட்டுப்போன பஃபர் எங்கே வாங்கப்பட்டது என்று ஸ்டாக் டிரேஸோடு காட்டும். கேமலாக், விமலாக் இரண்டையும் அது கவனிக்கும். நேரடியாக வாங்கிய பக்கங்களை மட்டும் நீங்களேதான் எண்ணிச் சரிபார்க்க வேண்டும்.