பழைய பைக்கில் கரண்ட் கோளாறு: எங்கிருந்து தேடத் தொடங்குவது?

வெள்ளவத்தையில் கடலோரம் நிற்கும் பைக்குக்கு மழையை விட உப்புக்காற்றுதான் பெரிய எதிரி. மே மாதத் தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிட்டால் அதோடு ஈரமும் சேர்ந்துகொள்ளும். சிக்னல் மங்கும், ஹோர்ன் கம்மும். உடனே பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளுக்குப் போய்ச் சாமான் வாங்கிவிடாதீர்கள். அப்பாவின் பழைய ஹொண்டாவுக்கு, ஒரு கராஜில் சொன்னதைக் கேட்டுப் புதுப் பற்றரியும், சார்ஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேற்றரும் வாங்கிப் போட்டேன். கோளாறு அப்படியே இருந்தது. கடைசியில் பார்த்தால், பிரேமில் பூட்டியிருந்த ஒரு பச்சை வயரின் முனை துருப்பிடித்திருந்தது.

தேவையானவை கொஞ்சம்தான்: சாதாரண மல்டிமீற்றர், இரண்டு வயர் பற்றவைத்த 12 வோல்ற் 21 வாட் பிரேக் பல்ப், மெல்லிய உப்புத்தாள், வாஸ்லீன். கீழே வரும் அளவுகள் 12 வோல்ற் பைக்குகளுக்கு உரியவை. உங்களுடையது 6 வோல்றா என்பதைப் பற்றரியில் பார்த்துக்கொள்ளுங்கள்.

1. பற்றரி

பைக்கைச் சில மணி நேரம் ஓடாமல் விட்டு அளந்து பாருங்கள். 12.6 வோல்றுக்கு மேல் என்றால் நல்லது. 12க்குக் கீழே என்றால் முதலில் சார்ஜ் போடுங்கள். அதற்கு முன் வேறு எதைச் சோதித்தாலும் பிழையான விடைதான் வரும். கழற்றும்போது மைனஸ் வயர் முதலில், பூட்டும்போது அது கடைசியில். மாறிச் செய்தால், ஸ்பானர் பிரேமில் பட்டதும் நெருப்புப் பறக்கும்.

2. ஏர்த்

இங்கே பொறுமையாக நில்லுங்கள். பழைய பைக்குகளில் நான் பார்த்த கோளாறுகளில் பாதிக்கு மேல் இங்கேதான் இருந்தன. பல்புக்குப் போகும் கரண்ட் பிரேம் வழியாகத்தான் பற்றரிக்குத் திரும்புகிறது. அந்தத் திரும்பும் வழிதான் ஏர்த். அந்த வழியில் துருவோ களிம்போ பெயின்றோ இருந்தால் கரண்ட் வேறு வழி தேடும். இடது சிக்னலைப் போட்டால் பின் லைற்றும் சேர்ந்து மினுங்குகிறதா? அப்படியென்றால் முதலில் ஏர்த்தைச் சந்தேகியுங்கள்.

சாவியைத் திறந்து, பிரேக்கை அழுத்தி வையுங்கள். மீற்றரின் ஒரு முனை பற்றரியின் மைனஸில், மற்றது எஞ்சினின் வெறும் உலோகத்தில். 0.2 வோல்றுக்கு மேல் காட்டினால் இடையில் எங்கோ இணைப்பு கெட்டிருக்கிறது. அப்புறம் அதே முனையைப் பிரேமிலும், பின் லைற்றின் அடித்தகட்டிலும் வைத்துப் பாருங்கள். எந்த இடத்தில் அளவு கூடுகிறதோ, அதற்கு முந்திய இணைப்பைக் கழற்றி, உலோகம் பளபளக்கும் வரை தேய்த்து, இறுக்கிப் பூட்டி, மேலே வாஸ்லீன் பூசுங்கள். பிரேமுக்குப் புதிதாகப் பெயின்ற் அடித்திருந்தால், ஆணி பூட்டும் இடத்தில் அதையும் சுரண்ட வேண்டும்.

ஹொண்டாவில் பச்சை வயர் ஏர்த். கறுப்பு, சாவி திறந்ததும் கரண்ட் வருவது. யமஹாவில் கறுப்புத்தான் ஏர்த். இதை மாற்றி நினைத்து வயரைத் தொட்டுவிடாதீர்கள்.

3. பியூஸ் எரிந்துகொண்டே இருந்தால்

சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுற்றி ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். ஷோர்ட் இருந்தால், அதாவது கரண்ட் வயர் பிரேமில் பட்டிருந்தால், பியூஸுக்குப் பதிலாக வயரே எரியும், மேலே பெற்றோல் டாங்க் இருக்கிறது.

பியூஸைக் கழற்றி, அது இருந்த இடத்தின் இரு முனைகளுக்கும் நடுவே 21 வாட் பல்பை இணையுங்கள். லைற், ஹோர்ன் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுச் சாவியைத் திறந்தால், ஷோர்ட் இருக்கும்வரை பல்ப் முழு வெளிச்சத்தில் எரியும். இப்போது ஹாண்டிலை இரு பக்கமும் திருப்புங்கள், டாங்கின் அடியிலும் சீற்றின் அடியிலும் வயர்களை மெதுவாக அசையுங்கள். எந்த இடத்தைத் தொடும்போது பல்ப் அணைகிறதோ, அங்கே வயர் தேய்ந்து பிரேமில் படுகிறது. பெரும்பாலும் ஹாண்டில் திரும்பும் கழுத்துப் பகுதிதான்.

4. சார்ஜ் ஆகிறதா?

எஞ்சினை நடுத்தர வேகத்தில் வைத்துப் பற்றரியை அளந்து பாருங்கள். 13.5 முதல் 14.5 வோல்ற் வரை நல்லது. 15ஐத் தாண்டினால் ரெகுலேற்றரையும் அதன் ஏர்த்தையும் பாருங்கள். அளவு ஏறாமலே நின்றால், எஞ்சினிலிருந்து வரும் சொக்கெட் கருகியிருக்கிறதா என்று முதலில் கவனியுங்கள்.

பழைய சிறு பைக்குகள் பலவற்றில் ஹெட்லைற் பற்றரியில் எரிவதில்லை, எஞ்சின் தரும் கரண்டில் நேரடியாக எரிகிறது. அதனால் சந்தியில் நிற்கும்போது அது மங்குவதும், அக்சிலேற்றரைத் திருகியதும் பிரகாசிப்பதும் அந்த பைக்குகளின் இயல்பு. அதற்காகப் பற்றரியை மாற்ற வேண்டியதில்லை.